ஆக்டோபாத் டிராவலர் 2 வீடியோ கேமை முடித்தவர்கள் இருக்கிறீர்களா? காஸ்டி என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள்

கொசப்பேட்டைக்காரி:

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு முடித்தேன். 78 மணி நேரம் ஆடியிருக்கிறேன் என்று சேவ் ஃபைல் சொல்கிறது. தம்பி வேலை கிடைத்துப் பெங்களூர் போனபோது பழைய பிளேஸ்டேஷன் 4-ஐ என்னிடம் விட்டுப் போனான். கடை மூடி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய பிறகு தினம் ஒரு மணி நேரம். முடிவையும் சேர்த்தே எழுதப்போகிறேன், இன்னும் ஆடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் பாகம் 2018-இல் வந்தது, இது 2023 பிப்ரவரியில். இரண்டுக்கும் கதைத் தொடர்பு இல்லை. உலகம் வேறு, ஆட்கள் வேறு. அதனால் நேராக இதிலேயே தொடங்கலாம். இரண்டிலும் எட்டுப் பயணிகள், ஆளுக்கு ஒரு கதை. முதல் பாகத்தில் எட்டுப் பேரும் ஒரே பஸ்ஸில் ஏறிய முன்பின் தெரியாதவர்கள் மாதிரிதான் இருந்தார்கள். இதில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வரும் தனிக் கதைகள் உண்டு. கடைசியில் எல்லாரும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்காரும்போது இவர்கள் ஒரு கூட்டம்தான் என்று நம்ப முடிகிறது.

நான் காஸ்டியை வைத்துத்தான் தொடங்கினேன். அவள் மருந்துக்காரி என்ற ஒரே காரணம் போதுமாக இருந்தது. வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மெடிக்கல் ஷாப்பில் ஒன்பது வருஷமாக நிற்கிறேன். கடலில் சின்னப் படகில் மிதந்துவந்த காஸ்டியை ஒரு கப்பல்காரர்கள் காப்பாற்றுகிறார்கள். தான் யார் என்பதே அவளுக்கு நினைவில்லை. ஆனால் கை மருந்தை மறக்கவில்லை. பகலில் அவளுடைய திறமை விசாரிப்பது. தெருவில் நிற்கும் யாரிடமும் போய்க் கேட்கலாம், அவர்கள் வாழ்க்கையிலிருந்து நாலு வரி கிடைக்கும். கதைக்கு அவசியமே இல்லாத கிழவிக்கும் நாலு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். நான் ஒருவரையும் விடவில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள், மால்டாவிலிருந்து வந்த ஒரு தாத்தா கவுண்டரில் நின்றார். காந்தி ரோட்டில் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள் எந்நேரமும் இருப்பார்கள், அது நமக்குப் புதிதில்லை. சீட்டை நாலாக மடித்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார், மடிப்பில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. வழக்கமாக நான் காலை, மதியம், ராத்திரி என்று அட்டையில் வட்டம் போட்டுக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன். அன்றைக்கு என் அரைகுறை இந்தியில் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். மனைவிக்கு இருதய ஆபரேஷன், லாட்ஜுக்கு வந்து 22 நாள் ஆகிறது, இங்கே குழம்பு புளிக்கிறது, சோறு இறங்கவில்லை என்றார். மாத்திரைகளில் மூன்று வகை, சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டியவை. அவர் சோற்றையே தொடாமல் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார்! நான் கேட்டிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அப்புறம் மலாயா. காஸ்டி போகிற இடமெல்லாம் வந்து துணை நிற்கும் பெண். காஸ்டியின் பழைய கூட்டாளி ட்ரூசோ பெய்ய வைத்த விஷ மழையில் அவளுடைய மற்றக் கூட்டாளிகள் மொத்தப் பேரும் செத்துவிட்டார்கள், மலாயாவும் அதில் ஒருத்தி, இத்தனை நாளும் காஸ்டியின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தவள் என்று தெரியும்போது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த அண்ணன் 2021-இல் கொரோனாவில் போய்விட்டார். மருந்துப் பேரை வாய்விட்டுப் படி, அப்போதுதான் தப்பு காதில் விழும் என்பார். இன்றுவரை அப்படித்தான் படிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் பின்னால் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது. மலாயாவை எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். வேட்டைக்காரி ஓஷெட் கதை எனக்கு ஒட்டவில்லை. திருடி த்ரோனே கதை முடிவு தேவைக்கு மேல் இருட்டு.

பாலாற்றங்கரை ஆம்பூர்:

அக்கா, எனக்கு வியாபாரி பார்டிட்டியோதான். வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊர் அவனுடையது, வறுமையில் விழுகிறது. வறுமை என்ற பேயையே உலகத்தை விட்டு ஓட்டுவேன் என்று கிளம்புகிறான். கேட்கும்போது வாய்ப்பேச்சாகத் தோன்றும். ஆனால் அவன் விலை கேட்பான், பேரம் பேசுவான், நீராவி எஞ்சின் யார் கைக்குப் போக வேண்டும் என்று சண்டை போடுவான், வியாபாரத்தை விட்டு விலகவே மாட்டான். தோல், ஷூ வேலையில் மூன்று தலைமுறையாக இருக்கிற வீட்டிலிருந்து வருகிறவன் நான். எங்களுக்குச் சோறு போட்டதும் அந்தத் தொழில்தான், பாட்டி வீட்டுக் கிணற்றைக் குடிக்க ஆகாததாக்கியதும் அதுதான். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்தது, மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று. பாட்டி கிணறு திரும்பவில்லை. 'நீரில்லா ஆறு' என்று நம் வேலூரைச் சொல்வார்களே, அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு நீங்கள் சொன்ன விஷ மழைக் காட்சி விளையாட்டாகத் தெரியாது. ட்ரூசோ பேசும்போது சவுண்டைக் குறைத்துவிட்டேன்.

இசை பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை! இசையமைத்தவர் நிஷிகி யசுனோரி. ஒரு பட்டனை அழுத்தினால் பகல் ராத்திரியாகும், அதே மெட்டு நிற்காமல் அப்படியே தணிந்து ராத்திரி மெட்டாக மாறும். மே மாதம் கரண்ட் போய் மொட்டை மாடிக்குப் பாயை எடுத்துப் போகும்போது முதல் காற்று முகத்தில் படுமே, அது மாதிரி.

தொரப்பாடி தம்பி:

அக்கா, கடைசிச் சண்டையை எப்படித் தாண்டினீர்கள்? நான் நாலு பேரையே வளர்த்து வைத்திருந்தேன். அங்கே போனால் எட்டுப் பேரும் இறங்க வேண்டும் என்கிறது. மீதி நாலு பேர் ஒரே அடியில் விழுகிறார்கள்.

எட்டுப் பேரில் எனக்குப் பிடித்தது அறிஞர் ஆஸ்வால்ட். பெண்டாட்டி பிள்ளையைக் கொன்றான் என்று பொய்ப்பழி, பனித்தீவில் ஜெயில். நம்ம வீடு சென்ட்ரல் ஜெயில் பக்கம். மனு போட்டுக் கைதியைப் பார்க்க வந்து வெயிலில் நிற்கும் குடும்பங்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். மகள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிகிற இடத்தில் அழுதுவிட்டேன்.

கொசப்பேட்டைக்காரி:

தம்பி, நானும் மூன்று தடவை தோற்றேன். சண்டையில் நிற்கும் நாலு பேருக்குத்தான் அனுபவப் புள்ளி ஏறும், அதனால் விட்டுவைத்த நாலு பேரையும் ஒரு வாரம் வெளியே கூட்டிப்போய் வளர்த்துவிட்டு வா. எட்டுப் பேரும் பிரிந்து நிற்கும் இரண்டு அணியிலும் குணப்படுத்த ஓர் ஆள் இருக்கட்டும். பார்டிட்டியோவின் உள்சக்தி நிறைந்ததும் அதைப் பயன்படுத்தினால், அடியின் பலத்தைக் கூட்டும் பூஸ்ட் புள்ளி முழுசாகத் திரும்பிவிடும், அதை எதிரியின் கேடயம் உடையும் சமயத்துக்கு வைத்துக்கொள். கையில் இருக்கிற புள்ளியை எல்லாம் முதல் சுற்றிலேயே கரைத்ததுதான் நான் செய்த தப்பு.

ஆம்பூர் தம்பி, இசையை மறக்கவில்லை. அதைப் பற்றி எழுத வார்த்தை வரவில்லை, உனக்கு வந்துவிட்டது.

மால்டா தாத்தா இன்று காலை கடைக்கு வந்தார். மீன் சோறு கிடைக்கும் மெஸ்ஸைக் காட்டிவிட்டிருந்தேன், கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிகிறது. பாட்டிக்கு டிஸ்சார்ஜ், ராத்திரி காட்பாடியில் ரயில். இரண்டு மாத மாத்திரை. ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுப் படித்து, கவர் மேல் இந்தியில் எழுதிக் கொடுத்தேன். என் இந்தி எழுத்தைப் பார்த்துத் தாத்தா ஒரு கால் போட்டுத் திருத்தினார்.