ஏரி எல்லை அளக்க ஆட்டோ லெவல் (நில மட்டம் பார்க்கும் கருவி) தெரிந்தவர்கள் தேவை (கிருஷ்ணகிரி)

வணக்கம். எங்கள் ஊர் ஏரியை ஒட்டி மனைப்பிரிவு வரப்போகிறது. கடற்கரையைக் காக்க சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) விதி இருக்கிறது; ஏரிக்கு அது பொருந்தாது. 2017 ஈரநில விதிகளும் பாசனத்துக்கென்று வெட்டிய ஏரிகளைச் சேர்ப்பதில்லை. ஆக, எல்லையைச் சரியாகக் குறித்தால்தான் ஏரி தப்பும்.

கோடையில் தண்ணீர் நிற்கும் விளிம்பில் கல் நட்டால் ஏரி சுருங்கிவிடும், பல ஊரில் நடப்பது இதுதான். கலங்கல் (ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழியும் இடம்) உச்சி மட்டத்தை ஆட்டோ லெவலில் எடுத்து, அதே மட்டத்தில் சுற்றிலும் 20 மீட்டருக்கு ஒரு புள்ளி குறிக்க வேண்டும். பிறகு எஃப்எம்பி (சர்வே எண்ணின் புல வரைபடம்), அ-பதிவேடு (நிலத்தின் வகை, பரப்பு சொல்லும் கிராமப் பதிவேடு) இரண்டோடும் ஒப்பிடணும். நீர்ப்பரப்புக்குள் பட்டா நிலம் வந்தால் தனியாகக் குறியுங்கள். வரத்து வாய்க்காலையும் விடக்கூடாது.

கருவியோடு ஒருநாள் வரக்கூடியவர்கள், சர்வே எண்ணும் பரப்பும் சேர்த்து கிராம சபைத் தீர்மானம் எழுதித் தரக்கூடியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.