தஞ்சாவூர் சுகோய்க்கு எதற்கு இரண்டு இன்ஜின்?

கானாடுகாத்தான் பையன்:
சுகோய்-30 போர் விமானம் பற்றி ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது வளவில் உட்கார்ந்திருந்த எங்கள் ஐயா கேட்டார்: "சூலூர் தேஜஸுக்கு ஒரு இன்ஜின் போதும்னா, தஞ்சாவூர்ல நிக்கிற சுகோய்க்கு மட்டும் எதுக்கு ரெண்டு?" ஒன்று நின்றுபோனால் இன்னொன்று காப்பாற்றும் என்றேன். "அதுக்காகவா இவ்வளவு செலவு?" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

தேவகோட்டை ஃபிட்டர்:
தம்பி, நான் விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவன். நீங்கள் சொன்னது உபரி லாபம்தான். முதல் காரணம் சுமை. முழுச் சுமையோடு தேஜஸ் சுமார் 13.5 டன், சுகோய் 38.8 டன். வயிற்றுக்குள் எரிபொருளே ஒன்பதரை டன் பிடிக்கும், ஆயுதம் 8 டன் வரை. அதிலுள்ள ஏ.எல்.-31எஃப்.பி. இன்ஜின் ஒன்று, ஆஃப்டர்பர்னர் (பின்பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவது) போட்டால் தருவது 12.5 டன் தள்ளுவிசை. ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2020 ஜனவரியில் தஞ்சாவூருக்கு வந்த 222-ஆம் படைப்பிரிவு பிரமோஸ் சுமக்கிற பிரிவு. அந்த ஏவுகணை மட்டும் இரண்டரை டன். இன்ஜின்களை ஒட்டி வைக்காமல் தள்ளித் தள்ளி வைத்திருப்பதால் நடுவில் இடம் கிடைக்கிறது, அங்கேதான் அது தொங்கும். அந்த அகலமான உடம்பும் இறக்கையோடு சேர்ந்து விமானத்தைத் தூக்குகிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது பின்பக்கம். இன்ஜினின் சூடான காற்று பீறிடும் வாய், அதாவது நாசில், ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக ஒரே வாட்டத்தில்தான் அசையும். அந்த வாட்டம் நேர் செங்குத்தாக இல்லாமல் 32 டிகிரி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். சூட்சுமம் அதில்தான். இரண்டும் சேர்ந்து அசைந்தால் மூக்கு ஏறும், இறங்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் பக்கவாட்டில் திரும்பும், உருளும். வேகம் செத்து இறக்கையில் காற்றே பிடிக்காத நேரத்திலும் விமானி சொன்னபடி கேட்கும். ஒற்றை இன்ஜினில் இந்தக் கணக்கு வராது.

செலவு விஷயத்தில் ஐயா சொல்வதுதான் சரி. இன்ஜின் இரண்டென்றால் ஃபிட்டருக்கும் வேலை இரண்டு.

குன்றக்குடி மயில்:
அண்ணே, செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறதே. அவசரத்துக்கு அதில் இறக்க முடியாதா? கல்லு மண்ணையெல்லாம் இன்ஜின் உறிஞ்சிவிடுமோ?

தேவகோட்டை ஃபிட்டர்:
உறிஞ்சாமல் இருக்கத்தான் காற்று போகிற வாயில் டைட்டானியம் வலை வைத்திருக்கிறார்கள். தரையில் ஓடும்போது எழுந்து அடைத்துக்கொள்ளும், மேலே போனதும் மடங்கிவிடும். வலை இருக்கிறதே என்று யாரும் சும்மா விடுவதில்லை, ஓடுதளத்தில் வரிசையாக நடந்து கல், ஆணி, திருகு என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்குவார்கள்.

அங்கே சிக்கல் கல் இல்லை தம்பி, கனம். காலி விமானமே 18 டன்னுக்கு மேல். மூக்குப் பக்கம் ஜோடிச் சக்கரம் இருந்தாலும், பெரும் பாரத்தைத் தாங்குவது பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டே சக்கரங்கள். அந்தக் காலத்துத் தளத்தில் இதை இறக்குவதென்றால் முதலில் கான்கிரீட் போடுகிறவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.