இதய நோயாளியின் உணவு பற்றிச் செவிலிய மாணவர்களுக்கு என்ன தெரியும்?

கல்லூரி ஆசிரியை:
இதயச் செயலிழப்புக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்ற சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுத்துக்கொள்ளும் நோயாளி வீடு திரும்பும்போது உணவு குறித்து என்ன சொல்வீர்கள் என்று இறுதியாண்டு மாணவிகளிடம் கேட்டேன். உப்பையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும், இளநீரும் வாழைப்பழமும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்றே பலரும் எழுதியிருந்தார்கள். சிறுநீர் பெருக்கும் மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற்றும் என்று படித்தது நினைவில் நிற்கிறது. இந்த மாத்திரை அதை உடலிலேயே தக்கவைக்கும் என்பதும், ஆகவே பொட்டாசியம் நிறைந்த இளநீரும் வாழைப்பழமும் இவருக்கு ஆபத்தாகலாம் என்பதும் நிற்கவில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் உணவியல் இரண்டாம் பருவத்தில் வருகிறது, இதய நோய்களோ அதற்குப் பின்னர்தான் வருகின்றன. ஆகவே குறை பாட வரிசையில்தான் இருக்கிறது என்கிறேன்.

வார்டு சிஸ்டர்:
மேடம் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எங்கள் வார்டுக்கு வரும் மாணவிகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவுதான் என்பதையோ, அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றில் உள்ள உப்பும் அந்தக் கணக்கில் அடங்கும் என்பதையோ, வீட்டில் சமைக்கும் மனைவியிடமோ மருமகளிடமோ எடுத்துச் சொல்ல அவர்களுக்கு வருவதில்லை. இதைப் பருவத்தை மாற்றி வைத்துக் கற்பிக்க முடியாது; கட்டிலருகே நின்றுதான் கற்க முடியும்.

உணவியலாளர்:
கட்டிலருகே கற்பதில் ஓர் ஆபத்தும் உண்டு, சிஸ்டர். செயற்கை வால்வு பொருத்தப்பட்டு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்களிடம் "கீரையே தொடக்கூடாது" என்று மூத்தவர்கள் சொல்ல, மாணவிகளும் அதையே திருப்பிச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டு வந்தால் மருந்தின் அளவை அதற்கேற்ப அமைத்துவிடலாம். ஒரு வாரம் முற்றிலும் நிறுத்திவிட்டு மறுவாரம் முருங்கைக்கீரையாகவே சாப்பிடுவதுதான் சிக்கல். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படும் பொட்டலங்களிலும் இதே அறியாமை தெரிகிறது. அவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள், மேடம் குறிப்பிட்ட நோயாளிக்கு அது இளநீரைவிடவும் கவலை தருவது.

கல்லூரி ஆசிரியை:
இது என் தரப்புக்கே வலு சேர்க்கிறது. காரணம் தெரியாமல் பழக்கத்தால் கற்றது தவறாகவே கைமாறும்.

வார்டு சிஸ்டர்:
அந்தத் தவறு எங்கள் வார்டிலும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காரணம் தெரிந்தவரும், ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சிட்ட டிஸ்சார்ஜ் தாளை நீட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டிய நிலையில் என்ன செய்வார்? அறிவை மட்டும் அளந்து மாணவிகளைக் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை.

நான்காம் ஆண்டு மாணவி:
இருவரும் எங்களைப் பற்றிப் பேசுவதால் எழுதுகிறேன். உணவியல் செய்முறைத் தேர்வில் கஞ்சி காய்ச்சி மதிப்பெண் வாங்கினோம். இதயப் பிரிவில் இருந்த வாரங்களில் இ.சி.ஜி.யும் மருந்து நேரமும் பார்க்கவே பொழுது போதவில்லை. ஒரு நோயாளியின் மனைவி, "உப்பில்லாத ரசத்தை இவர் எப்படியம்மா குடிப்பார்?" என்று கேட்டபோது டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லி நழுவிவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

வார்டு சிஸ்டர்:
டாக்டர் சொன்ன அளவு உப்பைக் காலையிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, அவருக்கான சமையலுக்கு அன்று முழுவதும் அதிலிருந்து மட்டும் போடச் சொல்லியிருக்கலாம், தங்கச்சி. ரசத்துக்கு மிளகும் எலுமிச்சையும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் உப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது.