301 (நிரந்தர முகவரித் திருப்புதல்) போட்டு மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

கித்தாமரம்:
அத்தையின் பலகாரக் கடைத் தளம் நான்கு முகவரிகளில் திறந்துகொண்டிருந்தது. https என்று எஸ் உள்ளதும் http என்று இல்லாததும், முன்னால் www என்று மூன்று டபிள்யூ உள்ளதும் இல்லாததுமான அந்தக் கதை இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூகுளில் அதிரசம் ஒரு முகவரியிலும் முறுக்கு இன்னொன்றிலுமாக வந்ததால், அனைத்தையும் டபிள்யூ இல்லாத முகவரிக்கு 301 மூலம் திருப்பினேன். டபிள்யூ உள்ள முகவரிக்கு அனுப்பும் பொத்தானை ஹோஸ்டிங் பலகத்தில் முன்பே நான்தான் அழுத்தி வைத்திருந்தேன் என்பது நினைவுக்கு வரவில்லை. திருப்புதலை நான் எழுதிய எச்டிஅக்சஸ் என்னும் சர்வர் அமைப்புக் கோப்பு டபிள்யூ இல்லாத முகவரிக்கும், பலகம் டபிள்யூ உள்ளதற்குமாகத் தள்ளிவிட, தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில் தளம் சுழலத் தொடங்கியது.

காரணம் தெரிந்ததும் பொத்தானை அணைத்துவிட்டு, பழைய சேமிப்பு எதுவுமில்லாத மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்த்து நிம்மதியடைந்தேன். அத்தையோ மாவு ஒட்டிய கட்டைவிரலால் திரையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒன் கம்ப்யூட்டர்ல கடை தொறந்திருக்கு, என் போன்ல மூடிக் கெடக்கு. இதுல எதுடா நம்ம கடை?" என்றார். நிரந்தரம் என்று ஒருமுறை சொன்னால் உலாவி அதை நம்பி மனப்பாடம் செய்துகொள்கிறது. பிறகு சர்வரைக் கேட்பதேயில்லை. அவர் கைப்பேசியில் உலாவியின் சேமிப்பை அழித்தேன். அன்றிரவு வந்து பார்த்துத் திரும்பிய வாடிக்கையாளர்களின் கைப்பேசிகளுக்கு நான் எங்கே போவது?

லயத்துவீட்டுப்பிள்ளை:
இதற்காகத்தான் முதலில் 302, அதாவது தற்காலிகத் திருப்புதல், போட்டுச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் தோட்டத்துக் கோயில் தளத்தில் நான் அப்படித்தான் செய்தேன். ஆனால் அதை 301 ஆக மாற்ற மறந்துவிட்டேன். ஏழு மாதம் கழித்துத் திருவிழாக் கூட்டத்தில் தலைவர் கோயில் பெயரைத் தேடிக் காட்டியபோது பழைய முகவரியே மேலே நின்றது. தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமலே அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

செம்பனை:
மாற்ற மறந்தவர் 301 போட்டவருக்குப் பாடம் நடத்துவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. தற்காலிகம் என்று சொன்னால் பழைய முகவரியை வைத்துக்கொள்ளத் தேடுபொறிக்கு நாமே இடம் கொடுக்கிறோம்.

என் கதை சிறியது: பழைய தளத்தின் அறுபது பக்கங்களையும் முகப்புக்கே திருப்பிவிட்டேன், பெரும்பாலானவை தேடலிலிருந்து மறைந்தன. தொடர்பில்லாத பக்கத்துக்கு அனுப்பினால் கூகுள் அதைக் காணாமல் போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் அதற்கு இணையான பக்கத்துக்கே திருப்புங்கள். எஸ் சேர்க்க ஒரு தாவல் (ஒரு முகவரியிலிருந்து அடுத்ததற்குப் போவது), டபிள்யூவை நீக்க இன்னொரு தாவல் என்று சங்கிலி போடாமல், ஒரே தாவலில் முடியுங்கள். பத்துத் தாவலுக்குமேல் பக்கங்களைத் தேடிச் சேகரிக்கும் கூகுளின் நிரல் தொடராது. தேடுபொறிக்குத் தரும் பக்கப் பட்டியலான தளவரைபடத்திலும் உள் இணைப்புகளிலும் புதிய முகவரியையே எழுதுங்கள். 2009 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் மைக்ரோசாப்டும் ஏற்றுக்கொண்ட கேனானிக்கல் குறி, அதாவது பக்கத்தின் முதன்மை முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி, ஒரு பரிந்துரைதான், கட்டளையன்று. அது மட்டும் இருந்தால் இரண்டு முகவரிகளும் திறந்தே கிடக்கும். திருப்புதலைக் குறைந்தது ஓராண்டாவது எடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் எடுக்கவே வேண்டாம். எங்கள் ஊரான மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது, பெரியவர்கள் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

கித்தாமரம்:
நான் அறிவுரை கேட்கவில்லை. இருந்தாலும் சங்கிலியைப் பற்றிச் சொன்னது சரி, எனக்கும் இரண்டு தாவல் இருந்தது. இந்த ஆண்டு முறுக்கு டின்னில் ஒட்டும் சீட்டில் அத்தை தொலைபேசி எண்ணை மட்டும் அச்சடித்திருக்கிறார்.