மார்த்தாண்டம் பக்கம் மூணாம் வருச இசிஇ: டெக்னோபார்க்கில் இன்டர்ன்ஷிப் கிடைக்க எது தடை?

குழித்துறை_இசிஇ:
அண்ணன்மாரே, அக்காமாரே, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்), 2021 ரெகுலேஷன் (பாடத்திட்ட விதி), ஆறாவது செமஸ்டர். சிஜிபிஏ 7.4, அரியர் இல்ல. திருவனந்தபுரம் கழக்கூட்டத்துல இருக்குற டெக்னோபார்க் ஐடி பூங்காவுல எம்பெடட் (கருவிக்குள்ள இருக்குற சிப்புக்குக் கோடு எழுதுற வேலை) பக்கம் இன்டர்ன்ஷிப் தேடுதேன். பாதி மெயிலுக்குப் பதிலே இல்ல. பதில் வந்த இடத்துல மூணு மாசம், ஆறு மாசம்னு கேக்காங்க. கல்லூரியில ஒரு மாசத்துக்கு மேல விடமாட்டாங்க. பணம் கட்டினா உடனே ஆஃபர் லெட்டர்னு சொல்ற கம்பெனிகளை நம்பலாமா? பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துல போடலாமா?

சால்டரிங்_அக்கா:
தம்பி, உன் மார்க் பிரச்சினையே இல்ல. தேதிதான் இடிக்குது. உங்க ரெகுலேஷன்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு கிரெடிட், நாலு வாரத்துக்கு ரெண்டு, ஆறு வாரத்துக்கு மூணு. இது கல்லூரிக் கணக்கு. கம்பெனியில புதுசா வர்ற பையனுக்கு டூல்செயின் (கோடைச் சிப்புல ஏத்துற சாஃப்ட்வேர்கள்) போட்டுக் கொடுத்து, போர்டையும் பழைய கோடையும் புரிய வைக்கவே முதல் மூணு வாரம் போயிரும். நாலாவது வாரம் நீ பையைத் தூக்கிட்டா அவங்களுக்கு என்ன மிச்சம்? அதான் மூணு மாசம் கேக்காங்க. செமஸ்டர் நடுவுல நீ அப்படிப் போனா 75% வருகைப்பதிவு அடிபடும்.

இதுக்கு வழி உண்டு. எட்டாவது செமஸ்டர்ல உனக்குப் பாடம் கிடையாது. ப்ராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப், 10 கிரெடிட். அதனால மெயில்லயே ரெண்டையும் சேர்த்துக் கேளு: ஆறாவது செமஸ்டர் லீவுல நாலு வாரம், பிறகு எட்டாவது செமஸ்டர் முழுக்க அதே கம்பெனியில ப்ராஜெக்ட். தொடங்குற தேதி, முடியுற தேதி ரெண்டையும் முதல் பத்தியிலேயே எழுதிரு. அனுப்புறதுக்கு முன்னாடி துறைத்தலைவர்கிட்ட வாய்வார்த்தையா சம்மதம் வாங்கிக்க.

டெக்னோபார்க் வெப்சைட்ல வேலைவாய்ப்புப் பக்கம் இருக்கு. கம்பெனி வாரியா மெயிலும் கடைசித் தேதியும் போட்டிருப்பாங்க. அதுல சின்னக் கம்பெனிகளை முதல்ல பிடி. ஒரே மெயிலை நாப்பது பேருக்கு பிசிசி போடாதே, ஸ்பாம்ல போய் உக்காரும்.

ரெஸ்யூமே ஒரே பக்கம், பிடிஎஃப். டிரைவ் லிங்க் கொடுத்தா இன்காக்னிட்டோவுல ஒரு தடவை திறந்து பாரு. பெர்மிஷன் கேட்டு நிக்கிற லிங்க்குக்கு ஹெச்ஆர் ரிக்வெஸ்ட் அனுப்பிக்கிட்டு இருக்க மாட்டாங்க. ப்ராஜெக்ட் பத்தி எழுதும்போது 'ஸ்மார்ட் ஹோம்'னு தலைப்பு மட்டும் போட்டா யாரும் படிக்கமாட்டாங்க. ஈஎஸ்பி32 சிப்புல ஐ2சி (ஒரே ஜோடி வயர்ல பல சென்சார் பேசுற முறை) சென்சார் ரெண்டு மாட்டினேன், ரெண்டுக்கும் ஒரே அட்ரஸ்னு பஸ் (அந்தப் பொது வயர்) குழம்பிச்சு, ஒண்ணோட அட்ரஸ் பின்னை மாத்திக் கட்டிச் சரி பண்ணினேன்: இந்த மாதிரி மூணு வரி. கூடவே சர்க்யூட் படமும் கோடும் கிட்ஹப்ல இருக்கணும். 8051 சிப்புல எல்இடி மினுக்கினதை எல்லாரும்தான் எழுதுதாங்க.

கணக்கு_வாத்தியார்:
பணம் கேட்டா அது இன்டர்ன்ஷிப் இல்ல, கோச்சிங். சர்டிபிகேட்டுக்கு விலை, அவ்வளவுதான். (காசு கட்டி ஏதாவது படிச்சுக்கிட்டா தப்பில்ல. அதை ரெஸ்யூமேயில இன்டர்ன்ஷிப்னு போட்டா இன்டர்வியூவுல ரெண்டாவது கேள்வியில வெளுத்துரும்.)

ஆஃபர் லெட்டர்ல சிஐஎன் (கம்பெனிப் பதிவு நம்பர்) இருக்கான்னு பாரு, மொத்தம் 21 எழுத்து. ஏழாவது, எட்டாவது எழுத்து மாநிலம்: கேரளம்னா கேஎல், நமக்கு டிஎன். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கம்பெனி பதிவான வருசம். 'பதினைஞ்சு வருச அனுபவம்'னு பீத்துறவன் நம்பர்ல 2023-ன்னு இருந்தா யோசி. அதே நம்பரைக் கம்பெனி விவகார அமைச்சக வெப்சைட்ல போட்டா பேரும் விலாசமும் இலவசமா வரும். கம்பெனியா பதிவு பண்ணாம ஒருத்தர் சொந்தமா நடத்துற நிறுவனத்துக்குச் சிஐஎன் கிடையாது, ஜிஎஸ்டி நம்பரைக் கேளு. அது 32-ல தொடங்கினா கேரளப் பதிவு, 33-ன்னா தமிழ்நாடு. திருவனந்தபுரம் விலாசத்துல மட்டும் இயங்குற கடைக்கு வேற மாநில நம்பர் இருந்தா ஏன்னு கேக்கணும்.

பிரதமர் திட்டம் தொடக்க விதிப்படி உனக்கு ஒத்துவராது. 2024 அக்டோபர்ல தொடங்கினப்ப வச்ச விதிப்படி 21 முதல் 24 வயசு, 12 மாசம், மாசம் 5,000 ரூபாய்; முழுநேரமா படிக்கிறவங்களுக்குக் கிடையாது. போடுறதுக்கு முன்னாடி அப்போதைய விதியைப் பாத்துக்க.

குழித்துறை_இசிஇ:
ரொம்ப நன்றி. தும்பாவுல இருக்குற இஸ்ரோ மையம் விஎஸ்எஸ்சிக்கும் போட்டுப் பாக்கலாமா? கல்லூரியில ஒரு போனஃபைடு கொடுத்தாங்க, அது போதுமா?

சால்டரிங்_அக்கா:
போடலாம். இஸ்ரோ மையங்கள்ல 60% அல்லது சிஜிபிஏ 6.32 கேப்பாங்க, உனக்கு இருக்கு. சம்பளம் எதிர்பாக்காதே. போனஃபைடு போதாது, அது நீ மாணவன்னு மட்டும்தான் சொல்லும். முதல்வர் அல்லது துறைத்தலைவர் கையெழுத்தும் சீலும் வச்ச அனுமதிக் கடிதம் வேணும். அதுல ரெஜிஸ்டர் நம்பர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பிரிவுல வேலை, எல்லாம் இருக்கணும். 'இன்-பிளாண்ட் டிரெயினிங்'னு பழைய டெம்ப்ளேட்டை ஆபீஸ்ல அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துருவாங்க, வாங்கும்போதே படிச்சுப் பாத்து மாத்திக்க. கடிதத்துல ஒரு தேதி, விண்ணப்பத்துல ஒரு தேதின்னு இருந்தாலே ஓரமா வச்சிருவாங்க.

பாறசாலை_பாசஞ்சர்:
போக்குவரத்து ஒண்ணு சொல்லிர்றேன். பஸ்ஸை நம்பி ஒன்பது மணி டியூட்டி ஒத்துக்காதே, பாலராமபுரத்துல மாட்டினா அம்புட்டுத்தான். குழித்துறையில ரயில் ஏறு. கழக்கூட்டத்துலயே ஸ்டேஷன் இருக்கு. நேரா போற வண்டி இல்லாட்டி திருவனந்தபுரம் சென்ட்ரல்ல மாறணும். மாணவர் சீசன் டிக்கெட் வீட்டுக்கும் கல்லூரிக்கும்தான், கம்பெனிக்குச் செல்லாது. சாதா மாத சீசன் எடு, தினம் டிக்கெட் எடுக்கிறதைவிட அதுவே ரொம்பக் குறைச்சல். சூப்பர்பாஸ்ட்ல அதை வச்சுக்கிட்டு ஏறாதே, அதுக்குத் தனியா சப்ளிமென்ட் கட்டணும்.