அம்மாவின் சோற்றை நிறுத்தத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்கு 63 வயது. வெறும் வயிற்றில் பார்த்த இரத்தச் சீனி 118. அன்றிலிருந்து அண்ணா சோற்றை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் பாண் கொடுக்கிறார். நேற்று அம்மா பாணைப் பிய்த்துப் பருப்புக்குள் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சோறு அவ்வளவு கெட்டதா?

கொட்டாஞ்சேனை அக்கா:
இல்லை, தங்கச்சி. வெள்ளைப் பாணும் சீனியை ஏற்றும். சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாச்சத்து. அளவைத்தான் பார்க்க வேண்டும். நான் தவிடு போகாத சிவப்பரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து அவிக்கிறேன். தேநீர்க் குவளையால் ஒரு குவளை சோறு. மீதித் தட்டு முழுவதும் வல்லாரைச் சம்பல், பயற்றங்காய், மீன் குழம்பு. மருத்துவரிடமும் அளவைக் கேளுங்கள்.

தெகிவளை வாசி:
அரிசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நன்றாகத் தீட்டியிருந்தால் மணியில் சிவப்புக் கோடுகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். அதை வாங்காதீர்கள்.

வெள்ளவத்தை மகள்:
இன்று ஒரு குவளை போட்டேன், அக்கா. அம்மா விரலை வழித்துச் சாப்பிட்டார். அண்ணாவிடம் இரவு பேசுகிறேன்.