வாட்டர்ஜெட்டில் வெட்டு பாதியில் விட்டுப்போகிறது, நாசில் 9 மணி நேரத்தில் தேய்கிறது: உதவி தேவை

ஹட்டன் பட்டறை:
வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வாட்டர்ஜெட் (உயர் அழுத்தத் தண்ணீரோடு கார்னெட் என்ற கல் மணலைக் கலந்து வெட்டும் இயந்திரம்) ஓட்டுகிறேன். தேயிலை பெக்டரிகளுக்கு ரோலர் மேசையின் பித்தளைப் பட்டி, ட்ரையர் பாகங்கள் வெட்டிக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. இடைக்கிடையே கருங்கல்லும் வரும். பம்ப் 3500 பார், ஒரிஃபிஸ் கல் (தண்ணீரை நூலாக்கும் துளையுள்ள சின்னக் கல்) 0.35 மில்லிமீட்டர், அதற்குக் கீழே தண்ணீரும் கார்னெட்டும் கலந்து வெளிவரும் நாசில் 1.02 மில்லி, 80 மெஷ் (சல்லடை அளவு) கார்னெட், நிமிடத்துக்கு 400 கிராம் அளவில் விடுகிறேன்.

மழை பிடித்ததிலிருந்து தொல்லை. காலையில் முதல் பத்து நிமிடம் நன்றாக வெட்டுகிறது. அப்புறம் 12 மில்லி ஸ்டெயின்லெஸ் தகட்டில் நடுவே ஓரிடத்தில் மேலே கோடு மட்டும் விழுகிறது, அடி வெட்டுப்படவில்லை. சத்தமும் மாறிவிடுகிறது: கரகரவென்று இருந்தது வெறும் சீறலாகிறது. ஹொப்பரில் (கார்னெட் கொட்டிவைக்கும் பெட்டி) கார்னெட் நிறைய இருக்கிறது. இத்தனைக்கும் போன வாரம் போட்ட புது நாசில் 9 மணி நேரத்தில் போய்விட்டது. ஒரு பெக்டரிக்கு வெள்ளிக்கிழமைக்குள் சாமான் கொடுக்க வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

பதுளை மெக்கானிக்:
தம்பி, தேய்ந்த நாசிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் அடிவாயை லென்ஸ் வைத்துப் பாருங்கள். துளை வட்டமாகப் பெருத்திருக்கிறதா, ஒரு பக்கமாக முட்டை வடிவில் போயிருக்கிறதா? அதைப் பார்க்காமல் இன்னொன்று போட்டால் அதுவும் போகும். ஒழுங்காக ஓடினால் நல்ல நாசில் 50 மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

நுவரெலியா:
கார்னெட் விலை ஏறிப்போச்சு என்று நாங்கள் ஆற்று மணலைச் சலித்துப் போட்டுப் பார்த்தோம். மென்மையான சாமானுக்குப் பரவாயில்லை. நீங்களும் பார்க்கலாமே?

பதுளை மெக்கானிக்:
வேண்டாம் ஐயா, தயவுசெய்து வேண்டாம். ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது நொறுங்கி வரும் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், திரும்பச் சரியாகாது. வெட்டும்போது தண்ணீர் தூசியைப் பிடித்துவைக்கும். தொட்டியிலிருந்து அள்ளி, காய்ந்த பிறகு கூட்டும்போதுதான் ஆபத்து. கார்னெட் மணலைவிடக் கடினமும் கனமும். விலையைப் பார்த்து உங்கள் பையன்களின் நெஞ்சில் கை வைக்காதீர்கள்.

ஹட்டன் பட்டறை:
பார்த்தேன் அண்ணே. முட்டை வடிவம்தான், ஒரு பக்கம் நன்றாக அரித்திருக்கிறது. இன்னொன்று: கார்னெட் வரும் பிளாஸ்டிக் டியூப்பைக் கழற்றினேன். வெட்டும் தலைப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு உள்ளே நீர்த்துளிகள், அதில் கார்னெட் சேறு மாதிரி ஒட்டியிருந்தது. ஜெட்டை ஓட்டி, நாசில் பக்கம் விரல் வைத்து இழுவை இருக்கிறதா என்று பார்க்கலாமா?

பண்டாரவளை:
தம்பி, அந்த விரலை முதலில் தள்ளி வையுங்கள்! 3500 பாரில் வரும் தண்ணீர் ஒலியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகம். தோலில் ஒரு ஊசித் துளைதான் தெரியும், உள்ளே கை முழுக்கத் தண்ணீரும் கார்னெட்டும் போயிருக்கும். அப்படிப் பட்டால் வலி இல்லையே என்று வீட்டில் இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், உயர் அழுத்தத் தண்ணீர் பாய்ந்தது என்று டொக்டரிடம் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

இழுவையை ஹொப்பர் முனையில் பாருங்கள். டியூப்பை அங்கே கழற்றி, வெறும் தண்ணீர் ஓடும்போது அந்த முனையை உள்ளங்கையால் மூடினால் பிடித்து இழுக்க வேண்டும்.

உங்களுக்கு இரண்டு கோளாறு சேர்ந்து வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். முதலாவது ஈரம். 80 மெஷ் கார்னெட் மணி ஒன்று ஏறக்குறைய 0.2 மில்லிதான். ஈரத்தில் ஒட்டிக் கட்டியானால் 1 மில்லித் துளையில் ஒழுங்காகப் போகாது. 4000 அடிக்கு மேலே மூடுபனி ஜன்னல் வழியே பட்டறைக்குள்ளேயே வந்துவிடும். 25 கிலோ மூட்டைகளைச் சிமெந்துத் தரையில் அடுக்கியிருக்கிறீர்களா? ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உருண்டை நின்றால் அது வேலைக்கு ஆகாது.

ஆனால் டியூப்பில் துளி நிற்பது பனியால் மட்டும் வராது. ஒரே இடத்தில் நின்று துளை போடும்போது அடி திறக்கும்வரை தண்ணீருக்குப் போக வழியில்லை, நாசில் வழியே மேலே திரும்பி டியூப்பை நனைக்கும். தலையைத் தகட்டுக்கு 3 மில்லி மேலே வைத்து, சின்ன வட்டம் போட்டபடி துளையுங்கள். நிறுத்தும்போது கார்னெட்டை முதலில் மூடி, ஓரிரு விநாடி விட்டுத் தண்ணீரை மூடுங்கள்.

இரண்டாவது அந்த முட்டை வடிவம். நாசிலைக் கழற்றி, அழுத்தத்தைக் குறைத்துத் தள்ளி நின்று ஜெட்டைப் பாருங்கள். கண்ணாடி நூல் மாதிரி நேராக வர வேண்டும். மயிர் மயிராகப் பிரிந்தாலோ சாய்ந்தாலோ ஒரிஃபிஸ் கல் உடைந்திருக்கும், அல்லது அதன் இருக்கையில் அழுக்கு இருக்கும். சாய்ந்த ஜெட்தான் நாசிலை ஒரு பக்கமாக அரிக்கும்.

நுவரெலியா:
மூட்டையைப் பெக்டரி ட்ரையரிலேயே காயவைத்துக் கொடுக்கச் சொல்லலாமே?

பண்டாரவளை:
தேயிலை போகும் இடத்தில் கார்னெட்டா? ஒரு கார்னெட் மணி தேயிலைத் தூளில் கலந்தாலும் அந்த பெக்டரிக்குத் தலைவலி. தகரத் தட்டில் பரப்பி, வெளியே விறகடுப்பில் சூடாக்கினால் போதும். ஆறிய பிறகுதான் ஹொப்பரில் போட வேண்டும், சூட்டோடு போட்டால் மூடிக்குள் வியர்க்கும்.

ஹட்டன் பட்டறை:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பிடித்துப் பார்த்ததில் உருண்டை அப்படியே நின்றது. மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிவிட்டேன், அடுப்பில் காயவைத்ததைத்தான் போடுகிறேன். ஜெட் கண்ணுக்கே தெரியும்படி சாய்ந்து வந்தது. ஒரிஃபிஸைக் கழற்றினால் கல் நன்றாக இருக்கிறது, இருக்கையின் ஓரத்தில் ஒரேயொரு செம்மணி. நானே கல் மாற்றும்போது கையோடு போட்டது. துடைத்துப் பூட்டினேன், நூல் நேரானது.

டியூப் ஹொப்பருக்கும் தலைக்கும் இடையில் தொட்டில் மாதிரித் தொங்கியதையும் சரிசெய்து ஒரே சரிவாகக் கட்டிவிட்டேன். வட்டம் போட்டுத்தான் துளைக்கிறேன். நேற்றும் இன்றும் 46 துளை, ஒன்றும் விடவில்லை. புது நாசில் 14 மணி நேரம் ஓடியிருக்கிறது, வாய் இன்னும் வட்டமாகவே இருக்கிறது. பெக்டரிச் சாமான் இன்று பின்னேரம் லொறியில் ஏறுகிறது.